டோன்ஆர்ம் விலையும் விளம்பர வாக்குறுதிகளும்: காசு எதற்குப் போகிறது?

டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கி இசைத்தட்டின் மேல் நகரும் கைதான் டோன்ஆர்ம். அதை வாங்கப் போனால் முதலில் எதிர்ப்படுவது உரிச்சொற்கள்தான். ‘விமானத் தர அலுமினியம்’, ‘உராய்வே இல்லாத பேரிங்’, ‘தூய வெள்ளிக் கம்பி’, ‘அதிர்வை விழுங்கும் மரக்குழல்’. ஓர் ஆர்முக்கும் இன்னொன்றுக்கும் விலையில் இருபது மடங்கு வித்தியாசம் இருக்கும். ஆனால் இரண்டின் விளக்கக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே அதிசயத்தைத்தான் செய்கின்றன: பாஸ் இறுகுகிறது, மேடை அகலமாகிறது, பாடகர் அறைக்குள் வந்து நிற்கிறார். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது மட்டும் அதில் எங்கும் இருக்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆர்ம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு விளம்பர வரியிடமும் இரண்டு கேள்வி: இது அந்த வேலையில் எதை மாற்றுகிறது? எவ்வளவு மாற்றுகிறது? முதல் கேள்விக்கு எல்லா நிறுவனமும் பதில் வைத்திருக்கும். இரண்டாவதில்தான் பேச்சு மழுப்பலாகும்.

வேலை இதுதான். ஆர்மின் முனையில் ஊசியைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் கார்ட்ரிட்ஜ், அந்த ஊசியின் அசைவை நேராக அளப்பதில்லை. ஊசிக்கும் தன் உடலுக்கும் இடையே உள்ள அசைவைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. ஊசி அசையும்போது உடலும் கூடவே அசைந்தால் அந்த அளவுக்கு இசை காணாமல் போகும், அல்லது பாட்டில் இல்லாத ஏதோ ஒன்று வந்து சேரும். எல்பி தட்டின் வரிப்பள்ளம் மொத்தமே ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு அகலம்தான். மெல்லிய பகுதிகளில் ஊசியின் ஆட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே காதில் விழும் அதிர்வெண்கள் அனைத்துக்கும், அதாவது 20 ஹெர்ட்ஸுக்கு மேல், கார்ட்ரிட்ஜின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். அதே உடல், தட்டு வளைந்திருந்தால் மேலும் கீழும், நடுத்துளை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் பக்கவாட்டிலும், தடையில்லாமல் போய்வரவும் வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு ஒருமுறை வரும் ஆட்டம் 0.56 ஹெர்ட்ஸ். வளைந்த தட்டின் மேடுபள்ளம் பெரும்பாலும் 5, 6 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். கீழே தாராளமாக அசை, மேலே அசையவே அசையாதே என்ற இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில்தான் டோன்ஆர்ம் இருக்கிறது. ஆர்முக்கென்று சொந்தக் குரல் இருந்தால், அது எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் குறைதான்.

முதலில் ஒரு பெருக்கல் கணக்கு

ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தால், ரப்பர் வாரில் தொங்கும் எடைக்கல்லைப் போன்ற அமைப்பு உருவாகிறது. எடை என்பது ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ், அதாவது ஊசி முனையில் உணரப்படும் நிறை. அதோடு கார்ட்ரிட்ஜ், திருகு எடைகளும் சேரும். ரப்பர் என்பது ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் தொங்கலின் நெகிழ்வு. கம்ப்ளையன்ஸ் என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து தானாக ஆடும் அதிர்வெண் ஒன்று உண்டு. அது மேலே சொன்ன இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். கணக்கு சுலபம்: மொத்த நிறையைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுக்க வேண்டும்.

ஓர் ஆர்ம் 11 கிராம், கார்ட்ரிட்ஜ் 6, திருகு 1. மொத்தம் 18 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ளையன்ஸ் 15 என்றால் விடை 9.7 ஹெர்ட்ஸ். அருமை. அதே ஆர்மில் கம்ப்ளையன்ஸ் 35 உள்ள மென்மையான கார்ட்ரிட்ஜை மாட்டினால் 6.3 ஹெர்ட்ஸ், வளைந்த தட்டில் ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் தள்ளாடும், ஊசி பள்ளத்தில் ஒரே அழுத்தத்தோடு உட்காராது. ஆர்மின் விலையை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மலிவான, இலேசான ஓர் ஆர்ம்தான் பொருந்தும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் பல கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுகின்றன. நம் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள எண். அது சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். டெனான் டிஎல்-103 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 8.5 கிராம் எடை, குறிப்பில் கம்ப்ளையன்ஸ் 5, அதுவும் 100 ஹெர்ட்ஸில். 11 கிராம் ஆர்மில் வைத்து அப்படியே கணக்குப் போட்டால் 15.7 ஹெர்ட்ஸ் வரும். ‘ஐயோ, கனமான ஆர்ம் வாங்கியே ஆக வேண்டும்’ என்று தோன்றும். 1.8 மடங்கு வைத்துத் திருத்தினால் 11.7 ஹெர்ட்ஸ். கார்ட்ரிட்ஜை மாட்டும் முனைப்பகுதியான ஹெட்ஷெல்லில் மூன்று நான்கு கிராம் கூட்டினால் இன்னும் வசதியாக உட்காரும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்காகவே தனி ஆர்ம் என்று விற்கப்படுவதை வாங்குவதற்கு முன் இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எஃபெக்டிவ் மாஸ் எவ்வளவு என்றே சொல்லாமல் நான்கு பக்கம் கவிதை எழுதியிருக்கும் ஆர்மை நான் பொதுவாக அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவேன். தெரிந்தும் மறைக்கிறார்களோ, அளக்கவே இல்லையோ. இரண்டுமே நல்ல அறிகுறி இல்லை.

கோணக் கணக்கும் ‘பூஜ்யப் பிழை’யும்

தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் ஆர்ம் ஓர் இடத்தில் ஊன்றிய வளைவில் நகர்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போக முடியாது. ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் லோஃப்க்ரென் 1938-லேயே இதற்கான கணிதத்தைத் தீர்த்துவிட்டார். 1941-இல் பேயர்வால்ட் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தார். ஆர்மைக் கொஞ்சம் நீளமாக்கி, கார்ட்ரிட்ஜைச் சற்றே உள்பக்கம் திருப்பி வைத்தால் இரண்டு இடங்களில் பிழை சுத்தமாக மறையும். வழக்கமான அமைப்பில் அவை தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் வரும். மற்ற இடங்களில் ஓரிரு பாகை பிழை மிஞ்சும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையின் குறிப்பைப் பார்த்தால் இதை மறைக்காமல் எழுதியிருப்பார்கள்: நீளம் 230 மி.மீ., வெளி வரியில் பிழை 2 பாகை 32 நிமிடத்துக்குள், உள் வரியில் 32 நிமிடத்துக்குள். குறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

12 அங்குல ஆர்ம் விற்பவர்கள் சொல்வது பொய்யில்லை. நீளம் 230 மி.மீட்டரிலிருந்து 305 ஆனால் இந்தப் பிழையால் வரும் திரிபு கால் பங்கு குறையும். ஆனால் எதன் கால் பங்கு? சரியாக அமைத்த 9 அங்குல ஆர்மில் இந்தத் திரிபு உரத்த பகுதியில்கூட ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கும். கார்ட்ரிட்ஜ்களே அந்த இடங்களில் ஒரு சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. அதோடு, கார்ட்ரிட்ஜ் உடலுக்குள் ஊசித்தண்டு ஒரு பாகை கோணலாக ஒட்டப்பட்டிருந்தால், அல்லது மாட்டும்போது நம் கை ஒரு பாகை தவறினால், நீள ஆர்ம் தந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். நீளக் குழல் என்றால் நிறையும் கூடும், விறைப்பும் குறையும். எனவே 12 அங்குலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இயற்பியலுக்கு, பெரும்பகுதி கம்பீரத்துக்கு. கம்பீரம் வேண்டும் என்று வாங்கினால் தப்பில்லை. திரிபு போய்விடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்.

பிழையை முழுசாக ஒழிக்கும் முயற்சிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1971-இல் வந்த காரார்ட் ஸீரோ 100-இல் ஹெட்ஷெல்லே மூட்டில் திரும்பிக்கொண்டு போகும். 1972-இன் பேங் அண்ட் ஓலுஃப்சன் பியோகிராம் 4000, 1979-இன் டெக்னிக்ஸ் எஸ்எல்-10 இரண்டும் ஆர்மை நேர்கோட்டில் நகர்த்தின. கோணப் பிழை போனது உண்மை. அதன் இடத்தில் மோட்டாரும் உணரியும் வந்தன, அல்லது காற்று பம்ப் வந்தது, அல்லது கூடுதலாக ஒரு ஜோடி பேரிங் வந்து தன் பங்குக்கு ஆடத் தொடங்கியது. காற்றில் மிதக்கும் நேர்கோட்டு ஆர்ம்களில் மேல்கீழ் நிறை குறைவாகவும் பக்கவாட்டு நிறை மிக அதிகமாகவும் இருக்கும்; நடுத்துளை தள்ளிய தட்டில் அந்த மொத்தப் பாரத்தையும் மெல்லிய ஊசித்தண்டுதான் இழுத்துக்கொண்டு அலைகிறது. ‘பிழை பூஜ்யம்’ என்ற வரியைப் படிக்கும்போது, அந்தப் பூஜ்யத்துக்காக வேறெங்கே என்ன கூடியது என்று கேட்க வேண்டும்.

ஆர்மின் உள்நோக்கிய இழுப்பை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டும் இதே வடிவக் கணக்கின் பிள்ளை. கார்ட்ரிட்ஜ் கோணலாக இருப்பதால் உராய்வின் இழுப்பு ஆர்மின் ஊன்று புள்ளி வழியாகப் போவதில்லை. ஆர்ம் உள்பக்கமாக இழுபடுகிறது. இந்த இழுப்பு ஊசி அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் உரத்த பகுதியில் ஒரு மாதிரி, மெல்லிய பகுதியில் ஒரு மாதிரி, ஊசி முனையின் வடிவத்தைப் பொறுத்து இன்னொரு மாதிரி என்று மாறிக்கொண்டே இருக்கும். அதை எந்தக் கருவியாலும் துல்லியமாக ஈடுகட்ட முடியாது. சுமாராக ஈடுகட்டினால் போதும். ‘மிகத் துல்லியமான காந்த ஆன்டி-ஸ்கேட்’ என்பதற்கும் நூலில் தொங்கும் சின்ன எடைக்கும் இதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வரியே இல்லாத வழவழப்பான தட்டில் ஊசியை வைத்து இதைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அங்கே ஊசியின் நுனி தரையைத் தொடுகிறது, பள்ளத்தில் அதன் இரு தோள்கள் சுவரைத் தொடுகின்றன. இரண்டும் வேறு உராய்வு.

உலோகம், கம்பி, பேரிங்

ஒரு பொருளின் விறைப்பை அதன் அடர்த்தியால் வகுத்தால் இலேசாகவும் வளையாமலும் இருக்க அது எவ்வளவு ஏற்றது என்று ஓரளவு தெரியும். அலுமினியம்: 69 கீழ் 2.7, சுமார் 26. மக்னீசியம்: 45 கீழ் 1.74, அதுவும் சுமார் 26. டைட்டானியம்: 110 கீழ் 4.5, சுமார் 24. எஃகு: 200 கீழ் 7.85, சுமார் 25. நான்கும் ஒரே இடத்தில் நிற்கின்றன! அப்படியானால் டைட்டானியக் குழலுக்கு ஏன் அந்த விலை? வெட்டுவது கஷ்டம், பெயர் பெரிது. உலோகக் குழலின் நடத்தையைப் பெரிதும் தீர்மானிப்பது வடிவம்: எவ்வளவு பருமன், சுவர் எவ்வளவு தடிமன், முனையை நோக்கி எப்படிக் கூம்புகிறது, ஹெட்ஷெல் தனியாகத் திருகப்பட்டதா, ஒரே வார்ப்பா. அடர்த்தி குறைந்த உலோகத்துக்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு: அதே எடையில் குழலைப் பருமனாகச் செய்யலாம். கார்பன் ஃபைபர் இந்தப் பட்டியலைத் தாண்டும். ஆனால் இழைகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தே. வெளியே கார்பன் நெசவு தெரிகிறது என்பதற்காக உள்ளே அப்படித்தான் இருக்கும் என்றில்லை. ‘விமானத் தர’ அலுமினியமோ சைக்கிள் சட்டத்திலும் இருக்கும் அதே கலவைதான்.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரீகா நிறுவனத்தின் ஆர்பி300 ஆர்ம் போதும். 1983-இல் வந்தது, ஹெட்ஷெல்லும் குழலும் ஒரே அலுமினிய வார்ப்பு, முனை நோக்கிக் கூம்பும் வடிவம். அச்சு செய்யப் பெரும் செலவு. ஆனால் அச்சு வந்துவிட்டால் ஒவ்வொரு வார்ப்புக்கும் ஆகும் செலவு குறைவு. ஆயிரக்கணக்கில் விற்றால் அச்சுச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் கொஞ்சமாகத்தான் விழும். அதனால்தான் அது தன் விலைக்கு மேலான ஆர்ம்களோடு நின்று பேச முடிந்தது. வேறு பல டர்ன்டேபிள் நிறுவனங்களும் அதை வாங்கித் தங்கள் இயந்திரத்தில் பொருத்தின. அதற்கு நேர் எதிர், ஒரு சின்னப் பட்டறை வருடத்துக்குச் சில டஜன் ஆர்ம்களை முழு உலோகத் துண்டிலிருந்து கடைந்து எடுப்பது. அங்கே ஒவ்வொன்றுக்கும் கூலி, இயந்திர நேரம், விற்பனையாளர் பங்கு எல்லாம் முழுசாக ஏறும். இரண்டு ஆர்மும் ஒரே தரத்தில் இருக்கலாம்; விலை பல மடங்கு தள்ளி நிற்கலாம். விலை உயர்வில் பெரும்பங்கு உற்பத்தி எண்ணிக்கையின் கதை, ஒலியின் கதை இல்லை. டோன்ஆர்ம் சந்தையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஜப்பானின் ஜெல்கோ 2020-இல் மூடப்படும் வரை பல நிறுவனங்களுக்கு அவரவர் பெயரில் ஆர்ம் செய்து கொடுத்தது. அடிப்படையில் ஒரே ஆர்ம், கொஞ்சம் வேறு முலாம், வேறு எதிரெடை, வேறு விலை. இதில் மோசடி இல்லை. ஆனால் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பணம் மிஞ்சும்.

கம்பிக்கு வருவோம். வெள்ளி, செம்பைவிட சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஆர்முக்குள் ஓடும் மயிரிழைக் கம்பியின் தடை மொத்தம் ஒரு ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், வெள்ளிக்கு மாறினால் மிச்சமாவது 0.06 ஓம். காந்தம் அசையும் வகையான எம்.எம். கார்ட்ரிட்ஜின் சுருளே பல நூறு ஓம். அது எதிர்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர் சுமை 47,000 ஓம். சுருள் அசையும் வகையான எம்.சி. கார்ட்ரிட்ஜின் 100 ஓம் சுமையோடு ஒப்பிட்டாலும் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. இந்த வரிக்கு நான் ஒரு காசும் கூடக் கொடுக்க மாட்டேன். அதே கம்பியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வெளிக் கேபிளின் கப்பாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்கத் திறன், எவ்வளவு? பல எம்.எம். கார்ட்ரிட்ஜ்கள் மொத்தமாக 150 முதல் 300 பைக்கோஃபாரட்டுக்குள் எதிர்பார்க்கின்றன. கேபிளும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து அதைத் தாண்டினால் உச்ச ஸ்தாயியில் ஒரு மேடு எழும், காதுக்குத் தெரியும்படியே எழும். அப்புறம், எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்பது. ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலை எந்த வெள்ளியும் போக்காது.

பேரிங் விஷயத்தில் விளம்பரங்கள் ஒன்றையொன்று மறுப்பதே வேடிக்கை. ஒரு நிறுவனம், அதிர்வு குழல் வழியே ஓடி அடித்தளத்துக்குள் இறங்கிவிட வேண்டும், ஆகவே பேரிங் உறுதியான பிடிப்போடு இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று, ஆர்மை அடித்தளத்திலிருந்து துண்டிக்க வேண்டும், ஆகவே ஒற்றை ஊசிமுனை அல்லது நூல் என்கிறது. இரண்டும் ஒரேயடியாக உண்மையாக இருக்க வழியில்லை. இரண்டு வழியிலும் நல்ல ஆர்ம்கள் இருக்கின்றன என்பதுதான் உண்மை. உயர்ந்த ஏபெக் எண் கொண்ட பேரிங் என்று போட்டிருந்தால், அந்தத் தரவரிசை அளவுப் பிசகின் எல்லையை மட்டும் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். பொருத்திய கை எவ்வளவு இறுக்கியது என்பதை அது சொல்லாது.

பேரிங்கைக் கையில் சோதிப்பது இதையெல்லாம்விட நம்பகமானது. டர்ன்டேபிளை மட்டமாக வைத்து, ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யமாக்கி, ஊசிக்கு மூடி போட்டு, பின் எடையை நகர்த்தி ஆர்ம் காற்றில் சமனாக மிதக்கும்படி செய்ய வேண்டும். இப்போது சாதாரண 80 கிராம் பிரிண்டர் தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டினால் அதன் எடை 8 மில்லிகிராம். அதை ஹெட்ஷெல் மேல் மெல்ல வைத்தால் ஆர்ம் தயங்காமல் கீழிறங்கத் தொடங்க வேண்டும். இறங்கினால் மேல்கீழ் உராய்வு 8 மில்லிகிராமுக்குள். 2 கிராம் ஊசி அழுத்தத்தில் அது 0.4 சதவீதம். அதற்குக் கீழே இன்னும் எத்தனை பூஜ்யம் சேர்த்தாலும் ஊசிக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியப் போவதில்லை. பக்கவாட்டில் லேசாக ஊதினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில் சிக்கி நின்றால் சந்தேகப்படலாம். கடைசியாக, ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தால் ‘டிக்’ என்ற தளர்வு தட்டுப்படக் கூடாது. ஒற்றைமுனை ஆர்ம்களுக்கு இந்தக் கடைசிச் சோதனை செல்லாது. அவை அசையவே பிறந்தவை. இந்தச் சோதனையில் சறுக்கும் மலிவான ஆர்ம்கள் நிறைய உண்டு. விலை ஏறியும் சறுக்குபவையும் உண்டு.

எதற்குக் கொடுக்கலாம்

சரி, கூடுதல் பணம் எங்கேதான் நியாயம்? என் கணிப்பில் முதலில் பேரிங்கில் தளர்வின்மை, அடுத்து திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கும் சரிசெய் வசதிகள். தட்டின் மேல் கார்ட்ரிட்ஜ் இடம் வலமாகச் சாய்ந்திருந்தால் ஒரு சானலின் ஒலி இன்னொன்றில் கசியும். அந்தச் சாய்வைத் திருத்த வழி தரும் ஆர்ம் உண்மையில் பயன்படும், அதிலும் ஊசி முனை நுண்ணிய வடிவமாக இருந்தால். அசைக்காமல் எடையை நுணுக்கமாக மாற்ற முடிவது, தூக்கும் லீவர் ஒரே சீராக இறங்குவது, விரல் வைக்கும் கொக்கி வாட்டமாக இருப்பது எல்லாம் தினமும் கைபடும் விஷயங்கள்.

உயரத்தைத் திருத்தும் வசதியும் வேண்டியதே. ஆனால் பாட்டு ஓடும்போதே மைக்ரோமீட்டர் திருகியால் நூறில் ஒரு மில்லிமீட்டர் மாற்றலாம் என்று விலையேற்றினால் கணக்கைப் பார்க்க வேண்டும். 230 மி.மீ. ஆர்மில் ஊசியின் சாய்வு ஒரு பாகை மாற, ஆர்மின் அடியை 4 மி.மீ. உயர்த்த வேண்டும். மெல்லிய தட்டுக்கும் 180 கிராம் கனத் தட்டுக்கும் தடிமன் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள்; அதாவது கால் பாகைக்குள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாற்பதில் ஒரு பாகை.

‘ஆர்மை மாற்றினேன், திரை விலகியது’ என்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆர்மை மாற்றும்போது கார்ட்ரிட்ஜைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பார்கள். கோணம் மாறியிருக்கும், ஊசி அழுத்தம் 0.1 கிராம் மாறியிருக்கும், கேபிளும் புதிதாகியிருக்கும், ஊசியைத் துடைத்திருக்கவும்கூடும். கேட்ட வித்தியாசத்தில் எத்தனை பங்கு ஆர்முக்குச் சேரும் என்று பிரிக்க முடியாது. ஒழுங்காக ஒப்பிட நினைப்பவர் ஒரே தட்டின் ஒரே பகுதியை இரண்டு ஆர்மிலும் ஓட்டி, கணினியில் பதிவுசெய்து, ஒலி அளவைச் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்கலாம். கேட்ட பின்பும் தெளிவாகத் தெரிகிற வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பதில் ஆட்சேபம் ஏதுமில்லை. சோதனைத் தட்டு ஒன்று இருந்தால் ஆர்ம் எந்த அதிர்வெண்ணில் ஆடுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்; குறிப்பில் போட்ட எண்ணும் பொய்யா மெய்யா என்று தெரியும்.

மொத்தப் பணத்தைப் பிரிக்கும்போது நான் ஆர்முக்கு நடுத்தர இடத்தைத்தான் கொடுப்பேன். அடிமட்டத்திலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது கிடைப்பது உறுதியான முன்னேற்றம். அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் கிடைப்பது பெரும்பாலும் மெருகு, அரிதாக இருப்பது, கைவேலையின் அழகு. அந்த மிச்சத்தை நல்ல முனைகொண்ட கார்ட்ரிட்ஜில் போட்டால் காதுக்கு நேராகத் தெரியும்.

பழைய ஆர்ம் வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆர்ம் நிறுவனமான எஸ்எம்இ-யின் பழைய 3009, 3012 போன்றவை இன்றும் கேட்டு வாங்கப்படுகின்றன. ஆனால் சில பழைய ஆர்ம்களில் எதிரெடையின் பின்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் தளர்ந்து, தண்டு கீழ்நோக்கித் தொங்கிப்போயிருக்கும். விற்பவர் போடும் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். எஸ்எம்இ 2019 இறுதியில் தனி ஆர்ம் விற்பனையையே நிறுத்திவிட்டது; ஜெல்கோ இல்லவே இல்லை. ஆகவே உதிரி எங்கே கிடைக்கும், யார் பழுதுபார்ப்பார் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பொருத்தும் தூரத்தையும் மறந்துவிடக் கூடாது. தட்டின் நடுக்கம்பியிலிருந்து ஆர்மின் ஊன்று புள்ளி வரை ரீகாவுக்கு 222 மி.மீ., எஸ்எம்இ 9 அங்குலத்துக்கு 215.4, லின்னுக்கு 211. துளையின் வடிவமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மாற்றுப் பலகை செய்துகொள்ளும் செலவைச் சேர்த்துப் பார்த்தால், மலிவாகக் கிடைத்ததாகத் தோன்றிய ஆர்ம் சில சமயம் புதியதன் விலையைத் தொட்டுவிடும்.